ஆடிட் வராத கட்டடம்

அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே சட்டம், “இருபத்தஞ்சு பொம்பளைக்கு ஒரு கக்கூஸ்.” தொழிற்சாலை விதிகளில் இருப்பது அது. அம்மா அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். வெளிநாட்டு பையர் தரப்பில் ஆடிட் வருகிற வாரம், எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். தீப்பிடித்தால் எந்த வாசல், முதலுதவிப் பெட்டி எங்கே, ஓவர்டைம் எத்தனை மணி நேரம். ராத்திரி சோறு வடித்துக்கொண்டே எங்களிடம் ஒப்பித்துப் பார்ப்பாள். நானும் அக்காவும்தான் ஆடிட்டர்கள்.

அதில் பாதி நாடகம் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். காலையில் கொடுத்த கையுறையையும் மாஸ்க்கையும் சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஆடிட்டுக்காகக் கட்டின கக்கூஸைத் திரும்ப வாங்க முடியாது. அது அங்கேயேதான் இருந்தது. அம்மா வேலையை விடும்வரை அதைத்தான் பயன்படுத்தினாள்.

நாங்கள் 2000-ல் அமராவதி நகரிலிருந்து திருப்பூருக்கு வந்தவர்கள். அணைக்குப் பக்கத்து ஊர். அங்கே 1962-லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது. அதன் மதிலை ஒட்டி நடக்கும்போதெல்லாம் பள்ளிக்கூடம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு எழுதினேன், கிடைக்கவில்லை. திருப்பூரில் ஒரு நகராட்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஒன்றிலிருந்து பத்துவரை ஒரே வளாகம். முன்னால் மங்களூர் ஓடு போட்ட நீளக் கட்டடம், பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை, அதற்கும் பின்னால் யாரும் பேசாத ஓர் இடம். 2008-ல் ஊர் மாநகராட்சியானபோது பெயர்ப்பலகையில் ‘மா’ மட்டும் சேர்த்து எழுதினார்கள். அந்த எழுத்து மட்டும் ரொம்ப நாளைக்குப் புதுசாகத் தெரிந்தது.

நான் பத்தாவது படித்தபோதுதான் கும்பகோணம் நடந்தது. 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். சமையற்கூடத்துத் தீ கீற்றில் பிடித்தது. ஒரே வாரத்தில் எங்கள் கொட்டகையின் கீற்றை இறக்கினார்கள். மூன்று மாதம் வேப்பமரத்தடியில் பாடம். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சித்திரை மாதத்து ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே இரண்டு மணிக்குக் கணக்குப் பாடம் கேட்டவனுக்குத் தெரியும், அது எரியாது என்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது என்று.

அடுத்தது 2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறையின் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். அப்போது நான் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஓட்டுக் கட்டடத்தை ஜேசிபி வைத்து இடித்ததை நேரில் பார்த்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே அழுகை. எனக்கும்தான். அந்தக் காரைச் சுவர் மே மாதத்திலும் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் உத்தரத்தைக் கரையான் அரித்திருந்ததும் கண்ணால் பார்த்தது. அழகாயிருந்தது என்பதற்காக அதற்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது.

என்னை உறுத்தியது வேறு. நெல்லையில் விழுந்தது வகுப்பறை அல்ல, கழிப்பறைச் சுவர். பள்ளிக் கட்டடம் என்றால் நமக்கு வகுப்பறைதான் ஞாபகம் வருகிறது. கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சன்ஷேடு இதெல்லாம் ஏதோ தானாக முளைத்தவை மாதிரி நினைப்பு. சட்டத்திலும் அப்படித்தான். 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும் என்று எண்ணிச் சொல்கிறது. கழிப்பறை என்று வரும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை பேருக்கு எத்தனை என்ற கணக்கு அதில் இல்லை.

2022-ல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய். அதே வருட டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’. கம்பெனிகளும் பழைய மாணவர்களும் உதவலாம். எங்கள் பள்ளியிலும் புது வகுப்பறைகள் எழும்பின. நல்ல கட்டடம், குறை சொல்ல மாட்டேன். வெளிச்சமும் காற்றும் இருக்கிறது.

போன வருஷம் மெர்ச்சண்டைசர் நண்பன் ஒருவனிடம் ஆடிட் செக்லிஸ்ட் ஒன்று வாங்கினேன். 2013-ல் டாக்கா பக்கம் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தபிறகு, கட்டடத்தைப் பற்றி பையர்கள் கேட்கிற கேள்விகள் கூடிவிட்டன என்றான். ஒரு சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அம்மாவும் வந்தாள். உறுதிச் சான்று உண்டு. தீயணைப்பான் உண்டு, காலாவதியாகவில்லை. வெளிவாசல் இரண்டு, ஒன்றின் குறுக்கே உடைந்த பெஞ்சுகள். நான் டிக் அடித்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்பக்கம் போய்விட்டாள்.

திரும்பி வந்து தலைமையாசிரியரிடம் கேட்டாள். “ஏனுங் டீச்சர், பொம்பளப் புள்ளைங்க எத்தனை பேருங்க?”

“முந்நூத்துச் சொச்சம்மா.”

“கக்கூஸ் ஏழுதானுங்களே இருக்குது. ரெண்டுக்குத் தாப்பா இல்லீங்.”

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஸ்மார்ட் போர்டு குடுக்க நாலு பேர் வர்றாங்கம்மா. கழுவற அம்மாவுக்கு மாசச் சம்பளம் குடுக்க ஒருத்தரும் வர்றதில்ல. அதுல பேர் பொறிக்க முடியாதுல்ல,” என்றார்.

பனியன் கம்பெனி சரியாகக் கட்டாவிட்டால் பையர் ஆர்டரை ரத்து செய்வான். முதலாளிக்கு அந்தப் பயம் உண்டு. இங்கே ஆர்டரை ரத்து செய்யக்கூடியவர்கள் பெற்றோர்கள்தான். கேட்கத் தெரிந்தவர்கள் கேட்காமலேயே போய்விடுகிறார்கள். நானும் போனேன். பாப்பா வேறொரு பள்ளியில் யூகேஜி படிக்கிறாள், அடுத்த வருஷ ஃபீஸும் கட்டியாயிற்று. இங்கே மிச்சமிருப்பவர்கள் தூத்துக்குடியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிற அப்பன் எந்த நேரத்தில் கூட்டத்துக்கு வந்து கக்கூஸைப் பற்றிக் கேட்பான்?

வரும் வழியில் அம்மா எதுவும் பேசவில்லை. பாப்பாவுக்கு ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

அன்று ராத்திரி குரூப்பில் எழுதினேன். 63 பேர் இருக்கிறோம், கழுவுகிற அம்மாவின் சம்பளத்துக்கு ஆளுக்கு மாதம் 200 ரூபாய். பதினொரு பேர் சரி என்றார்கள், அதில் எட்டுப் பேர் இன்னும் அனுப்புகிறார்கள். பள்ளி முகப்புக்கு பெயிண்ட் அடிக்கலாம் என்று இன்னொருவன் போட்டதற்கு நாற்பது கைகள் எழும்பின. அடித்தும் விட்டார்கள், நன்றாகவே இருக்கிறது.

தாழ்ப்பாள் இரண்டையும் அம்மாதான் வாங்கினாள். திங்கட்கிழமை ஹார்டுவேர் கடையில் திருகாணியோடு சேர்த்து வாங்கி, ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் கேட்டு எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய் அவளே மாட்டிவிட்டு வந்தாள்.