பழைய அட்டைகள்: சில குறிப்புகள்

பழைய பத்திரிகை தேடுகிறவர்களில் பலருக்கும் தொடர்கதை வேண்டும். எனக்கு அட்டையோடு முழு இதழ் வேண்டும். அதுதான் அரிது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது, வீட்டுக்கு வீடு அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்தார்கள். கதை பிழைத்தது. உள்ளே மணியம் வரைந்த படங்களும் பிழைத்தன. அட்டை எடைக்குப் போனது.

*

அந்தக் காலத்து ‘ஆனந்த விகடன்’ அட்டையில் நகைச்சுவைச் சித்திரம்தான் நாயகன். ஓவியர் மாலி போட்ட பாதை. கோபுலு அதில் வெகுதூரம் போனார். ஜோக்கைப் படித்து முடித்த பிறகு பின்னணியைப் பாருங்கள். திண்ணை, கூஜா, ஈஸிசேர், மாமியின் புடவைக் கட்டு. நடுத்தரக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

*

பைண்டு வால்யூம் வாங்கும்போது முதலில் ஓரங்களைப் பார்க்கிறேன். பைண்டர் கட்டிங் மெஷினில் கொடுத்துச் சமப்படுத்தியிருந்தால், மூலையில் இருக்கும் ஓவியர் கையெழுத்துக்குத்தான் ஆபத்து. என்னிடம் உள்ள ஓர் அட்டையில் ‘கோபு’ இருக்கிறது, ‘லு’ இல்லை.

*

அசலா நகலா என்று பார்க்க ஒரு லென்ஸ் போதும். அன்று ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி பிளாக். ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். சற்றுப் பிசகினால் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்துவிடும். ஸ்கேன் எடுத்து அச்சிட்ட நகலில் காகிதத்தின் பழுப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். படமே இல்லாத வெற்று ஓரத்தில் லென்ஸை வையுங்கள். அங்கேயும் புள்ளிகள் தெரிந்தால் அது நகல்.

*

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில வருடங்களில் அதன் பசை பழுப்பேறிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லாமினேஷனும் வேண்டாம், செய்துவிட்டால் பிரிக்க முடியாது. துருப்பிடித்த பின்னை மெல்ல எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டலாம். வெயில் படாத இடத்தில் படுக்கவைத்து அடுக்குங்கள். அவ்வப்போது புரட்டிப் பார்த்தால் பூச்சி அரிப்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

*

கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் தன் வாழ்நாளெல்லாம் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று பேதம் பார்க்காமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. இன்று அது சென்னை தரமணியில் ஆய்வு நூலகமாக இயங்குகிறது. எதையும் அற்பம் என்று ஒதுக்காத ஒரு தனிமனிதரின் கண்தான் அதற்கு அஸ்திவாரம்.

*

வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் பத்திரிகைக் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அட்டையோடு இருக்கும் இதழ்களைத் தனியே எடுத்து வையுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் ஒரு நூலகத்துக்கோ, தேடிக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற ஒருவருக்கோ கொடுங்கள். தயவுசெய்து அட்டையை மட்டும் கிழித்துக் கொடுக்காதீர்கள். முழு இதழாகக் கொடுங்கள்.