இறந்த மீனைப் பற்றிப் பேசியவர்

தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றைக் குறித்து நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ‘பார்க்கலாம்’, ‘பார்க்கக் கூடாது’ என்ற அளவிலேயே முடிந்துவிடுகிறது. திரைக்குள்ளிருந்து பேசுபவர் நம் பிள்ளையை யாராகக் கருதிப் பேசுகிறார் என்ற கேள்விக்கு நாம் அரிதாகவே வருகிறோம். அக்கேள்வியை எங்களுக்குள் எழுப்பியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் போதகர். அவர் பெயர் ஃப்ரெட் ரோஜர்ஸ்.

1928இல் பென்சில்வேனியாவின் லட்ரோப் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இசை பயின்றவர். 1951இல், கல்லூரியின் இறுதியாண்டில், முதன்முறையாகத் தொலைக்காட்சியைக் கண்டார். திரையில் மனிதர்கள் ஒருவர் முகத்தில் மற்றொருவர் இனிப்புப் பண்டத்தை வீசியெறிந்து சிரித்துக்கொண்டிருந்தனர். இத்தனை அரிய கருவியை இப்படியா பயன்படுத்துவது என்று வெதும்பியவர், அதைவிட்டு விலகிச் செல்லாமல் அதற்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்தார். பணியாற்றிக்கொண்டே இறையியலும் பயின்றார். 1963இல் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை அவரைப் போதகராக்கியது. ஊடகத்தின் வழியே குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஊழியம் செய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. 1968 பிப்ரவரியில் நாடெங்கும் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘மிஸ்டர் ரோஜர்ஸின் அண்டைவீடு’ 2001 வரை, ஏறத்தாழ 900 நிகழ்ச்சிகளாகத் தொடர்ந்தது.

அந்நிகழ்ச்சியில் பரபரப்பு என்று ஒன்றுமில்லை. அவர் வீட்டிற்குள் வருவார்; மேலங்கியைக் கழற்றி மாட்டுவார்; கம்பளிச் சட்டையை அணிவார். அவற்றுள் பல அவருடைய தாயார் தம் கையால் பின்னியவை. காலணியை மாற்றிக்கொண்டு மிக மெதுவாகப் பேசத் தொடங்குவார். தொட்டியிலுள்ள மீன்களுக்கு உணவிடும்போது, ‘இப்போது மீன்களுக்கு உணவிடுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்வார். பார்வையற்ற சிறுமி ஒருத்தி, மீன்கள் பட்டினி கிடக்கின்றனவோ என்று கவலைப்பட்டதை ஒரு கடிதத்தின் மூலம் அறிந்ததே அதற்குக் காரணம். தாம் கண்டிராத ஒரு பிள்ளைக்காக ஒரு வாக்கியத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட மனிதர்! அத்தனை ஆண்டுகளில் அவர் அந்நிகழ்ச்சியைப் பிரசங்க மேடையாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அகீதாவில் அவருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. அதை மழுப்ப நாங்கள் விரும்பவில்லை. அவருடைய பாடல்களையும் பொம்மலாட்டத்தையும் ஒவ்வொரு வீடும் ஒரே விதமாக ஏற்காது என்பதும் தெரியும். நாங்கள் சொல்ல வந்தது 1970இல் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியைப் பற்றி.

அன்று தொட்டியின் அடியில் ஒரு மீன் இறந்து கிடந்தது. வேறு எவராயினும் படப்பிடிப்பை நிறுத்தி, புதிய மீனை விட்டிருப்பார்கள். ரோஜர்ஸ் அதை வெளியே எடுத்தார். உப்பு நீரில் இட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. காகிதத் துணியில் சுற்றித் தோட்டத்து மண்ணில் புதைத்தார். சிறுவயதில் தம் நாய் இறந்தபோது அழுததைச் சொன்னார். வானுலகக் கதை எதையும் கூறித் துயரத்தை மூடவில்லை, அவசரப்படவுமில்லை.

இந்நிகழ்ச்சியை நாங்கள் அறிந்து சில மாதங்களிலேயே எங்கள் வீட்டில் உம்மும்மா வஃபாத்தானார்கள். எங்கள் மகனுக்கு அப்போது ஐந்து வயது. மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுக் கூடத்தில் வைத்திருந்தபோது உறவினர் ஒருவர் அவனை அணைத்து, “உம்மும்மா தூங்குறாங்க வாப்பா, சத்தம் போடாதே” என்றார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அன்றிரவு அவன் படுக்கவே மறுத்தான். மறுநாள் இரவும் அப்படியே. மூன்றாம் இரவு, “நான் தூங்கினா என்னையும் சந்தூக்கில வச்சுத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?” என்று கேட்டான்.

பச்சைப் பிள்ளையிடம் மவுத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்றார்கள் பெரியவர்கள் சிலர். அவர்கள் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆயினும் நாங்கள் பேசினோம். உம்மும்மா உறங்கவில்லை, மரணித்துவிட்டார்கள் என்றோம். அவர்களது மூச்சு நின்றுவிட்டது. இனிப் பசியில்லை, முழங்கால் வலியில்லை. ரூஹை அல்லாஹ் எடுத்துக்கொண்டான். இந்த வீட்டிற்குத் திரும்பி வரமாட்டார்கள். நீ உறங்கினால் காலையில் விழிப்பாய். வாப்பாவும் உம்மாவும் அருகிலேயே இருப்போம். அழலாமா என்று கேட்டான். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் வடித்ததைச் சொன்னோம். அழுதான். பிறகு உறங்கினான்.

அபூ உமைர் என்ற சிறுவரின் ஹதீஸை நம்மில் பலர் அறிவோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி. அவர் விளையாடி வந்த சிட்டுக்குருவி போன்ற சிறு பறவை இறந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அவரைக் குன்யா கொண்டு, பெரிய மனிதரை அழைப்பதுபோல் அழைத்து, அப்பறவை என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். இச்சிறு நிகழ்விலிருந்து இமாம் இப்னுல் காஸ் அறுபது பயன்களை எடுத்து எழுதினார் என்பர். எங்களுக்கு அவற்றில் ஒன்று போதுமானதாயிருந்தது: ஒரு சமுதாயத்தையே வழிநடத்திக்கொண்டிருந்தவர்கள் ஒரு குழந்தையின் இறந்த பறவைக்காக நின்று பேசினார்கள். பிட்ஸ்பர்க் நகரின் ஒளிப்பதிவுக் கூடத்தில் மீனைப் புதைத்தவர் இந்த ஹதீஸை அறிந்திருந்தாரா என்பது நம் வேலையன்று. அவரைப் பார்த்தபோது எங்கள் நினைவுக்கு வந்தது இதுவே.

இரண்டு வாரம் கழித்து, ஜும்ஆவிற்குப் பின் அவனை மையவாடிக்கு அழைத்துச் சென்று ஸலாம் சொல்லக் கற்றுக்கொடுத்தோம். கப்ரின் மேல் ஊன்றியிருந்த செடி துளிர்த்திருந்தது. அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டான். பள்ளிவாசல் மோதினாரிடம் விசாரித்தோம். யாரும் ஊற்றவில்லை, மழைதான் என்றார். அடுத்த முறை ஒரு குவளையை எடுத்து வரவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.