ராகி தந்த சொந்தக்காரங்க

எங்க தர்மபுரிப் பக்கம் இன்னிக்கும் வாரத்துல நாலு நாளாவது களிதான். ஆனா ராகி நம்ம மண்ணுல பொறந்த பயிர் இல்லைங்க. எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலத்துல பொறந்து, ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னாடியே இங்க வந்து சேர்ந்தது. கென்யாவுல இதுக்குப் பேரு விம்பி. அங்கேயும் கொதிக்கிற தண்ணியில மாவைப் போட்டுக் கிண்டி, கையால உருட்டித்தான் சாப்பிடுறாங்க.

பக்கத்துக் கர்நாடகத்துல, மண்டியாவுல, லட்சுமணய்யாங்கிற விஞ்ஞானி நம்ம ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 1970கள்ல புது ரகங்கள் கொண்டு வந்தார். இந்தியா, ஆப்பிரிக்கா ரெண்டு பேரையும் சேர்த்து 'இண்டாப்'னு பேர் வெச்சாங்க. விளைச்சல் கூடுச்சு.

நாடுகளுக்குள்ள நட்பு வளரணும்னு 1950ல அரசாங்கம் ஐ.சி.சி.ஆர். அமைப்பை ஆரம்பிச்சது. அது தர்ற உதவித்தொகையில ஆப்பிரிக்கப் பிள்ளைங்க இங்க வந்து படிக்கிறாங்க. அரசாங்கம் கூப்பிடுது; நாம கதவைச் சாத்துறோம். பெங்களூர்ல என் பையன் குடியிருக்கிற தெருவுல, வீடு கேட்டு வந்த ரெண்டு பேரை முகத்தைப் பார்த்தே அனுப்பிட்டாங்களாம். கேட்டதுல இருந்து மனசே சரியில்லை.

வீடு வாடகைக்கு விடுற நகரத்து நண்பர்களே, அடுத்த தடவை அவங்க வந்தா உள்ள கூப்பிட்டுப் பேசுங்க. நீங்க காலையில குடிக்கிற ராகிக் கஞ்சி அந்த மண்ணு கொடுத்த சீதனம்.