தென்னை உச்சியில ஒரு ப்ரூவரி!

பெங்களூரு போயிட்டு வந்த சீனியர் யாராவது, "மச்சி, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊத்துறாங்கடா!"ன்னு அலம்பல் பண்ணியிருப்பாங்களே? இந்திராநகரில் 2010-ல் ஆரம்பிச்ச 'டாய்ட்' மாதிரி இடங்களைத்தான் சொல்றாங்க. பளபளன்னு ஸ்டீல் தொட்டி, பர்ஸைக் காலி பண்ற பில்! ஆனா அதைவிடச் சின்ன, அதைவிட ரொம்பப் பழைய ப்ரூவரி ஒண்ணு, நம்ம வீரபாண்டியிலிருந்து ஒரு ஞாயித்துக்கிழமையில போயிட்டு வர்ற தூரத்துல இருக்கு. எங்கேங்கறீங்களா? தென்னை மரத்து உச்சியில!

பனியன் கம்பெனிக்கு லீவு விட்ட நாளாப் பார்த்து, பல்லடம் வழியா பொள்ளாச்சிக்குக் கிளம்புங்க. பல்லடம் பக்கம் விசைத்தறி சத்தம் காதைத் துளைக்கும். பொள்ளாச்சி நெருங்க நெருங்க ரெண்டு பக்கமும் தோப்புதான். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா பாலக்காடு மாவட்டம், சித்தூர் பகுதி. கேரளத்துக் கள்ளுக்கடைகள் பலவற்றுக்கும் இங்கிருந்துதான் கள் போகுது. போர்டுதான் மலையாளம், பேச்சுல நம்ம தமிழும் நல்லாவே கலந்திருக்கும்.

காலையில சீக்கிரம் போய், தோப்புக்காரர்கிட்ட அனுமதி கேட்டுட்டு நில்லுங்க. இடுப்புல அரிவாளும் குடுவையுமா ஒருத்தர் சரசரன்னு ஏறுவார். விரியாத பாளையைக் கயிறு போட்டுக் கட்டி, மெதுவாத் தட்டி, நுனியை மெல்லிசாச் சீவி, அடியில பானையை மாட்டுவார். பலமாத் தட்டினா பாளை கெட்டுப்போகும், மெதுவாத் தட்டினா பால் சுரக்காது. அந்தக் கணக்கு கைக்குத்தான் தெரியும். காலையும் மாலையும் ஏறினா, நல்ல மரம் ஒண்ணு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர்லேர்ந்து 2 லிட்டர் வரைக்கும் தரும்.

இப்போ கொஞ்சம் கெமிஸ்ட்ரி! பாளையில சொட்டும்போது அது வெறும் இனிப்புத் தண்ணி. காத்துலேயும் பானையிலேயும் இருக்குற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்ன ஆரம்பிச்சதும் நுரை கட்டும், சில மணி நேரத்துல கள் ரெடி. பீருக்கு வாரக்கணக்கு ஆகும். இதுக்கு அடுப்பும் வேண்டாம், மால்ட்டும் வேண்டாம். ஒரு நாள் தாண்டினா புளிச்சு வினிகர் பக்கம் போயிடும். பானைக்குள்ள சுண்ணாம்பு தடவினா புளிக்காது; அதுதான் நம்ம கொங்குப் பக்கம் தாத்தாக்கள் ருசிச்சுக் குடிச்ச தெளுவு. ஐஸ் பெட்டியில இறக்கினா அது நீரா. சாயப்பட்டறைக்காரங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: நேரமும் சூடும் மாறினா சரக்கே மாறிடும்!

ஆனா இங்கே சட்டமும் மாறுது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கள் இறக்குறது லைசென்ஸ் உள்ள தொழில். மரத்துக்கு எக்சைஸ் நம்பர் உண்டு. தொழிலாளிக்கு 1969-லேயே நலநிதிச் சட்டம் வந்தாச்சு. இந்தப் பக்கம் 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை. 2017-ல் நீராவுக்கு மட்டும் கதவைத் திறந்தாங்க. அதே மரம், அதே கை. அங்கே அவர் தொழிலாளி, இங்கே அதையே செஞ்சா குற்றவாளி! தடை வேணும்கிறவங்க கலப்படத்தையும் குடியால சீரழிஞ்ச குடும்பங்களையும் காட்டுறாங்க. வேண்டாம்கிற விவசாயிங்க, "டாஸ்மாக் மட்டும் ஓகேவா?"ன்னு கேக்குறாங்க. ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டு நீங்களே யோசிங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி மூணு விஷயம். கேரளத்துல குடிக்க 23 வயசு ஆகணும். அதனால உங்கள்ல பலருக்கு இது பார்க்க மட்டுமே டூர்! ஜாலிக்காக பாட்டில்ல வாங்கிட்டு எல்லை தாண்டாதீங்க, கேஸ் ஆயிடும். மூணாவது முக்கியம்: மேலே இருக்குறவர்கிட்ட பேச்சுக் கொடுக்காதீங்க. பிடி நழுவினா அவருக்குக் கீழே ஒண்ணும் கிடையாது. இறங்கினதும், "எத்தனை மரம் ஆச்சுங்கண்ணா?"ன்னு கேளுங்க. நிதானமா உட்கார்ந்து கேட்டா, எந்த வயசுல ஏற ஆரம்பிச்சார்ங்கறதுலேர்ந்து தன் பையன் ஏன் ஏற மாட்டேங்கறான் வரைக்கும் சொல்லுவார்.