பூட்டும் கேட்டும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் அதன் உறுதியைப் பற்றிப் பேசினார்கள். பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் நடத்திய எனக்கு அது பாடம் சொல்லித்தரும் சாமான்.

பூட்டுக்குள் லீவர்கள் அடுக்கடுக்காக இருக்கும். சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. எல்லாமே சரியாக அமைந்தால்தான் திறக்கும். ‘ஆண்ட் கேட்’ என்பது இதுதான். ஏதாவது ஒன்று சரியாக இருந்தாலே போதும் என்றால் அது ‘ஆர் கேட்’. அப்படிப் பூட்டுச் செய்தால் யார் வாங்குவார்கள்?

ஆம், இல்லை என்பதை 1, 0 என்று வைத்துக் கணக்காக்கும் முறையை ஜார்ஜ் பூல் 1854-ல் விரிவாக எழுதினார். அது ரிலே, சுவிட்சுகளுக்கும் பொருந்தும் என்று 1938-ல் வெளியான கட்டுரையில் கிளாட் ஷானன் காட்டினார்.

வகுப்பில் நான் கொடுக்கும் கணக்கு இது. ஊர்ச் சங்கத்துப் பணப்பெட்டி. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் ஆளுக்கொரு சாவி. தலைவரோடு மற்ற இருவரில் ஒருவராவது சேர்ந்தால் திறக்க வேண்டும். மூன்று சாவிக்கு 8 வரி அட்டவணை. 3 வரியில் மட்டும் 1 வரும். ஒரு ஆர் கேட், ஒரு ஆண்ட் கேட் போதும்.

ஒரு வருடம், வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான்.

“சார், நாலாவது வரியப் பாருங்க. செயலாளரும் பொருளாளரும் இருக்காங்க, தலைவர் ஊர்ல இல்ல. ராத்திரி ஒரு பிரசவத்துக்குப் பணம் வேணும்னா பெட்டி தெறக்காதே?”

வகுப்பே சேர்ந்து கணக்கை மாற்றியது. மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கட்டும். இப்போது 4 வரியில் 1. நேராகப் போட்டால் மூன்று ஆண்ட், இரண்டு ஆர். சுருக்கினால் இரண்டு ஆண்ட், இரண்டு ஆர். ஒரு 7408, ஒரு 7432 ஐசி வைத்து அன்றே செய்து, பல்பை எரியவிட்டார்கள்.

எட்டு வரியையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். திருடனைத் தடுக்கும் வரி யாருக்கும் மறக்காது. உரியவரே வெளியில் நிற்கும் வரிதான் கண்ணில் படாமல் போகும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேங்க் லாக்கர் திறக்க நம் சாவியும் வேண்டும், பேங்க் சாவியும் வேண்டும். அதுவும் ஆண்ட் கேட்தான். நாம் இல்லாத வரிக்கு நாமினி பெயர் எழுதியாகிவிட்டதா?