அரை பர்சென்ட்

அப்பாவின் காரியங்கள் முடிந்து இரண்டு மாதம் கழித்து, கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் அண்ணன், அக்கா, நான் மூவரும் உட்கார்ந்து, எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தோம். மூவரும் வெளியூரில் பிழைப்பவர்கள். விற்க இருந்தவை திண்ணை வைத்த இந்தப் பழைய வீடு, அப்பா தவணை கட்டி வாங்கிய ஒரு மனை, ஊருக்கு வெளியே ஐந்து மா நஞ்சை. வீடு அறுபது லட்சம், மனை இருபது, நிலம் முப்பது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு கணக்கு வைத்திருந்தோம்.

புரோக்கர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், அப்பாவுக்கும் பழக்கமானவர். எங்கள் பக்கம் ஒரு பர்சென்ட், வாங்குகிற பார்ட்டி பக்கம் ஒரு பர்சென்ட் என்றார். ஊர் வழக்கம் அது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவான திட்டங்களில் வீடும் மனையும் விற்றுத் தரும் முகவர்கள் தாங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. எவ்வளவு கமிஷன் வாங்கலாம் என்று அதில் இல்லை. எங்களுடையதைப் போன்ற பழைய வீட்டுக்கும் வயலுக்கும் அந்தச் சட்டம் வருவதும் இல்லை. வழக்கமும் வாய்ப்பேச்சும்தான்.

அண்ணன்தான் பேசினார். "மூணையும் உங்ககிட்டயே தர்றோம்ண்ணே. வேற யார்கிட்டயும் போகலை. அரை பர்சென்ட் வாங்கிக்குங்க."

மொத்தம் ஒரு கோடியே பத்து லட்சம். ஒரு பர்சென்ட் என்றால் 1,10,000 ரூபாய். பாதியாக்கினால் 55,000 மிச்சம். கடையில் மூன்று வேட்டி சேர்த்து எடுத்தால் குறைத்துக் கேட்பதில்லையா, அந்த நியாயம்தான் இது என்று எனக்கும் பட்டது. புரோக்கர் வெற்றிலையை மடித்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி தம்பி, அப்பா முகத்துக்காக" என்றார்.

வீட்டுக்கு நான்காம் மாதமே ஆள் வந்தது. 58 லட்சம் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பேசச் சொன்னோம். "நல்ல பார்ட்டி தம்பி, விட்டுடாதீங்க, முடிச்சுடலாம்" என்றே புரோக்கர் திரும்பத் திரும்பச் சொன்னார். முடித்தோம். அந்தக் கணக்கைப் பின்னால்தான் போட்டுப் பார்த்தேன். 60க்குப் போயிருந்தால் அவருக்கு எங்களிடம் 30,000. 58க்குப் போனதில் 29,000. எங்களுக்கு இரண்டு லட்சம் போன இடத்தில் எங்கள் பக்கத்துக் கமிஷனில் அவருக்குப் போனது ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காக, தனக்கு ஒரு பர்சென்ட் கொடுக்கப்போகிற பார்ட்டியோடு அவர் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அவரை நான் குறை சொல்லவில்லை. கூலியை அப்படி வகுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள்.

மனை அடுத்த இரண்டு மாதத்தில் இருபது லட்சத்துக்கே போயிற்று. நிலம் மட்டும் அசையவில்லை. போன் செய்தால், "பார்த்துக்கிட்டே இருக்கேன் தம்பி" என்பார். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

அக்காதான் ஒருநாள் நேரில் போய் அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "நிலத்துக்கு அரை பர்சென்ட்னா பதினைஞ்சாயிரம்மா. பட்டா கூட்டுப் பட்டா, உங்க சித்தப்பா வகையறா பேரும் அதுல இருக்கு. சர்வேயரைப் பிடிக்கணும், உட்பிரிவு பண்ணணும். குத்தகைக்காரர் வீட்டுக்கு எத்தனை நடை நடக்கணும்? வீட்டைக் காட்டுறது பூட்டைத் திறந்து காட்டுறது. இது அப்படியா?"

குத்தகைக்காரர் குடும்பம் முப்பது வருஷமாக அந்த வயலில் உழுகிறது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, அவரை நினைத்தபோது வெளியேற்றிவிட முடியாது. அது சரியான சட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்பாவே எங்களுக்காக அந்த மண்ணில் கால் வைத்ததில்லை, வைத்தவர் அவர். ஆனால் அவரோடு பேசி முடிக்காமல் எந்தப் பார்ட்டியும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டான். அப்படிப் பேசக்கூடியவர், இரு தரப்பும் நம்பக்கூடிய ஓர் உள்ளூர்க்காரர்தான். அந்த வேலையைத்தான் நாங்கள் பதினைந்தாயிரத்துக்குக் கேட்டிருந்தோம்.

மூன்று சொத்தை மூன்று வேட்டியாகப் பார்த்ததுதான் தப்பு. மொத்தமாகக் குறைத்துக் கேட்டால், எளிதில் போவதை அவர் விற்றுவிட்டு, போகாததைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். முதல் நாளே வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பட்டாவும் எடுத்துப் பரப்பி, எதில் எவ்வளவு நடை இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேசியிருக்க வேண்டும். வீட்டுக்கு அரை பர்சென்ட் கேட்டதில்கூடத் தப்பில்லை, நிலத்துக்கும் அதையே கேட்டிருக்கக் கூடாது.

மறுபடி உட்கார்ந்தோம். "இருபத்தாறு லட்சம் உங்க கைக்கு வந்தாப் போதும், மேல வர்றது எனக்குன்னு வச்சுக்கலாமா?" என்று அவர் கேட்டார். இந்த ஏற்பாடும் ஊரில் உண்டு. அக்கா ஒப்பவில்லை, அவள் செய்தது சரி. அப்படிப் பேசிவிட்டால் பார்ட்டி என்ன கொடுக்கிறான் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். கடைசியில் முடிவானது இது: இருபத்தாறு லட்சம் வரை இரண்டு பர்சென்ட். அதற்கு மேல் வருவதில் பத்தில் ஒரு பங்கு. சர்வே செலவு எங்களுடையது. கமிஷன் கிரயம் பதிவாகிற அன்று, மொத்தமாக, செக்காக. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் முகவரின் கூலி வேலை முடிந்த பிறகே கொடுபடும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 219ஆம் பிரிவில் சொல்கிறது. இருந்தாலும் எழுதிக்கொண்டது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

செக் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. வீட்டுக் கமிஷனை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கவில்லை. விற்பனைக்காகக் கொடுத்த தரகை மூலதன ஆதாயக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம். ஆதாரம் கேட்டார் ஆடிட்டர். எங்களிடம் இல்லை.

ஏழு மாதம் புரோக்கர் நடந்தார். சித்தப்பா வகையறாவிடம் போனார், சர்வேயரோடு வரப்பில் நின்றார், குத்தகைக்காரர் வீட்டில் காபி குடித்தார். ஒரு மாவைக் குத்தகைக்காரர் பெயருக்கே எழுதிக் கொடுப்பது, மீதியில் உரிமை இல்லை என்று அவர் எழுதித் தருவது என்று பேசி முடித்தார். அந்த ஒரு மாவைக் கொடுத்ததில் எங்கள் மூவருக்கும் வருத்தமே இல்லை. மீதி நாலு மா 28 லட்சத்துக்குக் கிரயமாயிற்று. பார்ட்டி 27க்கு நின்றபோது, "இறங்காதீங்க, நான் பேசுறேன்" என்று சொன்னவர், வீட்டு விஷயத்தில் முடித்துவிடச் சொன்ன அதே மனிதர்.

பதிவு அலுவலக வாசலில் அண்ணன் 72,000 ரூபாய்க்குச் செக் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு 29,000, மனைக்கு 10,000, நிலத்துக்கு 72,000. மூன்றுக்கும் சேர்த்து அவருக்கு நாங்கள் கொடுத்தது 1,11,000 ரூபாய். முதல் நாள் திண்ணையில் அவர் கேட்டது 1,10,000.