என் இடத்தில் ஒரு பெடல்

ஒரு காலத்தில் திருமண விருந்துகளில் நண்பர் லீட் கிட்டார் வாசிப்பார். நான் ரிதம் கிட்டார். 2003இல் அவர் ஆர்சி-20 என்னும் லூப் பெடலை வாங்கினார். காலால் ஒருமுறை மிதித்தால் பதிவு தொடங்கும். மறுமுறை மிதித்தால் பதிந்தது ஓயாமல் சுழன்று ஒலிக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கை வாசிக்கலாம். இரண்டே மாதங்களில் நான் அவருக்குத் தேவையற்றவனானேன். உள்ளபடியே வருந்தினேன்.

எண்ணிப் பார்த்தால் இது புதிதன்று. 1970களிலேயே ராபர்ட் ஃபிரிப் இரண்டு ரீவாக்ஸ் நாடாப் பதிவுக் கருவிகளை இணைத்து, ஒன்று பதிந்ததை மற்றொன்று சில நொடிகள் கழித்து ஒலிக்கச் செய்து, தம்மோடு தாமே வாசித்தார். 1998இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் பாட், பெயர்பெற்ற ஆம்ப்ளிஃபையர்களின் ஓசையைக் கணிப்பால் உருவாக்கியது. எங்கள் வட்டத்து மூத்தவர்கள் முகம் சுளித்தனர். வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி முதுகு நொந்தவர்கள் மகிழ்ந்தனர். (நான் இரண்டாம் கட்சி.)

சென்ற தீபாவளி விருந்தில் அதே நண்பர் வாசித்தார். முதற்சுற்றை முடிக்கும்போது பெடலை இமைப்பொழுது தாமதமாக மிதித்துவிட்டார். நானாக இருந்தால் அவரோடு சேர்ந்து தயங்கிப் பிழையை மறைத்திருப்பேன். பெடலோ அத்தடுமாற்றத்தைப் பாட்டு முடியும்வரை ஒவ்வொரு சுற்றிலும் திருப்பித் தந்தது. பின்னர் அருகில் வந்து, "வாத்தியாரே, கேட்டுச்சா?" என்றார். கேட்டது என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

இப்போது என் மகள் அந்தப் பெடலைக் கேட்கிறாள். இரவல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மாலைதோறும் அவளுக்கு ரிதம் நான்தான்.